கிட்டார் பிக்: எத்தனை மி.மீ, என்ன மெட்டீரியல்? அக்கூஸ்டிக்கிலிருந்து எலெக்ட்ரிக்குக்கு வருகிறேன்

ஞாயிறு_ரிதம்

எல்லோருக்கும் வணக்கம். சர்ச்சில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன், பெரும்பாலும் ஸ்ட்ரம்மிங், அதாவது எல்லாக் கம்பியையும் சேர்த்து மீட்டுவது. கையில் இருப்பது 0.46 மி.மீ. நைலான் பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு). கிட்டாரோடு கடையில் கொடுத்தார்கள், அப்படியே பழகிவிட்டது. போன மாதம் எலெக்ட்ரிக் வாங்கினேன். அதில் ஒற்றைக் கம்பியில் லீட் வாசித்தால் பிக் வளைந்து கம்பியிலேயே தங்கிவிடுகிறது. அது நிமிர்ந்து அடுத்த நோட்டுக்கு வருவதற்குள் தாளம் ஓடிவிடுகிறது.

தடிமனாக வாங்கு என்கிறார்கள். எவ்வளவு தடிமன்? டோர்டெக்ஸ், அல்டெக்ஸ், ஜாஸ் த்ரீ என்று பெயர்கள் மட்டும் காதில் விழுகின்றன. இரண்டு கிட்டாருக்கும் ஒரே பிக் போதுமா? பிக்குக்கு இவ்வளவு யோசனையா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், இருந்தாலும் சொல்லுங்கள்.

ஜாஸ்மூணு

தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். டன்லப் கம்பெனியின் ஜாஸ் த்ரீ, சிவப்பு நைலான், 1.38 மி.மீ. லீட் வாசிக்க ஆசை இருந்தால் இதைப் பிடியுங்கள். கிட்டாரிஸ்ட் எரிக் ஜான்சன் வாசிப்பது இதில்தான். கிர்க் ஹேமெட், ஜான் பெட்ரூச்சி இருவர் பெயரிலும் டன்லப் விற்பது இதே ஜாஸ் த்ரீயின் வகைகள்தான்.

ஆள் சின்னது, முனை கூர். விரலுக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் தெரியும். அதனால் கம்பிகளுக்கு நடுவே தேவைக்கு மேல் ஆழமாக இறங்காது. ஆல்டர்நேட் பிக்கிங்கில் (மேலும் கீழும் மாறி மாறித் தட்டுவதில்) வேகம் வருவதே இந்த ஆழம் குறைவதால்தான். ஆரம்பத்தில் கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், நழுவும், கோபம் வரும். பழகிய பிறகு பெரிய பிக்கை எடுத்துப் பாருங்கள், சாப்பாட்டுத் தட்டை வைத்து வாசிப்பது போலத் தோன்றும்.

மெல்லிசை_மூத்தவர்

//1.38 மி.மீ.//

இதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்ட்ரம் பண்ணினால் பாடகர் குழு மொத்தமும் திரும்பி இவரைத்தான் பார்க்கும். விறைப்பான பிக் கம்பியிடம் விட்டுக்கொடுக்காது. ஆறு கம்பியும் தனித்தனியாகக் குத்திக் கேட்கும், கொஞ்சம் அசந்தால் இரண்டாம் கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

நான் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் எல்லாம் உண்டு. ஒரே ராத்திரியில் பக்திப் பாட்டு, பழைய டூயட், குத்துப் பாட்டு என்று வரிசையாக வரும். நடுவில் பிக் மாற்ற யாருக்கு நேரம்? எனக்கு மஞ்சள் டோர்டெக்ஸ், 0.73. அதில் நிறத்தைப் பார்த்தே அளவு தெரியும்: சிவப்பு 0.50, ஆரஞ்சு 0.60, மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. சட்டைப்பையில் கைவிட்டு அள்ளினால் எது எதென்று படித்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஒரே பிக்கை இரண்டாக வாசிக்கவும் செய்யலாம். ஸ்ட்ரம்மிங் வரும்போது விரலைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, முனையை நிறைய வெளியே விட்டு, தளர்வாகப் பிடியுங்கள். 0.73 அப்போது 0.60 போல வளையும். லீட் வரும்போது விரலை முன்னால் தள்ளி, முனை மட்டும் தெரிகிற மாதிரி இறுக்குங்கள். அதே பிக் விறைத்துக்கொள்ளும். இரண்டு பிடிக்கும் நடுவே கட்டைவிரல் நகரும் தூரம் ஒரு நெல் அளவுதான். பாட்டு மாறும்போது கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் ஊரில் பிக்கே கிடைக்காது. சோப்பு டப்பா மூடியை வெட்டித் தேய்த்து வாசித்தோம். ஏடிஎம் கார்டு வந்த பிறகு அது ராஜ வாழ்க்கை.

தகடு

மூத்தவர் சொன்ன பிடி மாற்றத்துக்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. நான் மெக்கானிக்கல்காரன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். அதாவது ஒரே மெட்டீரியலில் 0.5 மி.மீ.யை 1 மி.மீ. ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். 0.60-லிருந்து 0.73-க்குப் போனாலே சுமார் 1.8 மடங்கு. கண்ணுக்குத் தெரியாத அளவு வித்தியாசம் கையில் இவ்வளவு பெரிதாகத் தெரிவது இதனால்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்துக்கும் இதே மும்மடிக் கணக்கு, தலைகீழாக. நீளத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் விறைப்பு சட்டென்று ஏறும்.

ஆகவே 0.46-லிருந்து நேராக 1.38-க்குத் தாவாதீர்கள். இரண்டும் நைலான் என்பதால் கணக்கு நேரடியானது: ஏறக்குறைய 27 மடங்கு விறைப்பு. கை மிரண்டுவிடும்.

இன்னொன்று. உறையில் "தின்", "மீடியம்", "ஹெவி" என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் மீடியம் அல்ல. மில்லிமீட்டரைப் பாருங்கள். அதுவும் ஒரே மெட்டீரியலுக்குள் ஒப்பிடத்தான் உதவும். 0.73 நைலான் 0.73 டோர்டெக்ஸை விட நன்றாகவே வளையும்.

ஜாஸ்மூணு

27 மடங்கு என்று பயமுறுத்தாதீர்கள் சார். 1.38-க்கு வந்த எல்லோரும் ஏதோ ஒரு நாள் தாவியவர்கள்தான். படிப்படியாக ஏறினால் ஒவ்வொரு படியிலும் மறுபடி பழக வேண்டும், ஒரே முறை பழகிவிட்டுப் போகலாமே.

கம்பிக்காரி

தடிமன் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பிக் கம்பியை எந்தக் கோணத்தில் தொடுகிறது என்று யாரும் ஆரம்பிக்கவில்லை. நான் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். "பிக் மாட்டிக்கொள்கிறது மிஸ்" என்று வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிரச்சினை பிக்கில் இல்லை, கோணத்தில்தான்.

செய்து பாருங்கள். ஆள்காட்டி விரலை மடக்குங்கள். அதன் பக்கவாட்டில், முதல் கணுவுக்கும் நகத்துக்கும் நடுவே பிக்கைப் படுக்க வையுங்கள். முனை விரல் நீட்டமாக இல்லாமல் விரலுக்குக் குறுக்கே நிற்க வேண்டும். மேலே கட்டைவிரலை வைத்து, சாவியைப் பிடிக்கிற அளவு மட்டும் அழுத்துங்கள். இப்போது மேலிருந்து பார்த்தால் பிக் கம்பிக்கு இணையாக இருக்கும். மணிக்கட்டைத் தொடாமல் கட்டைவிரலை மட்டும் லேசாக மடக்குங்கள். பிக்கின் முன் ஓரம் தரையைப் பார்க்கச் சாயும். 20, 30 டிகிரி போதும். அதன் பிறகு பிக் தட்டையாகக் கம்பியில் மோதாது. ஓரம் முதலில் தொட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மாட்டாது.

விலை உண்டு. சாய்வு கூடக் கூட, சுற்றுக் கம்பிகளில் (மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பிகள்) ஒரு சரசர ஓசை சேரும். நாலாம், ஐந்தாம், ஆறாம் கம்பிகளில் நன்றாகவே கேட்கும். டிஸ்டார்ஷன் (ஓசையைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டு வாசிப்பவர்கள் அதையே விரும்புவார்கள். கிளீன் டோனில் அது எரிச்சல். அப்போது சாய்வைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜாஸ்மூணு சார், பிரபலங்கள் பட்டியல் இரு பக்கமும் போடலாம். கார்லோஸ் சன்டானா பெரிய முக்கோண பிக்கில் வாசிப்பவர். ஸ்டீவி ரே வான் பிக்கைத் திருப்பி உருண்டைப் பக்கத்தால் வாசித்தார், அதுவும் முதல் கம்பியே 0.013 அங்குலம் இருக்கும் கனமான கம்பிகளில். ஜெஃப் பெக் ஒரு கட்டத்தில் பிக்கையே விட்டுவிட்டார். வெஸ் மான்ட்கோமரி கட்டைவிரலை மட்டும் வைத்து வாசித்தார். இதிலிருந்து தம்பிக்கு என்ன முடிவு கிடைக்கும்?

ஜாஸ்மூணு

//பிக்கையே விட்டுவிட்டார்//

சரி, அந்த ஆட்டத்தில் நான் தோற்றேன். ஆனால் கூர் முனைக்கு அவரவர் ருசி தாண்டி ஒரு காரணம் இருக்கிறது. கம்பியைத் தொடும் இடம் சிறிதாகச் சிறிதாக மேல் சுரங்கள் கூடுதலாக எழும், நோட்டின் தொடக்கம் பளிச்சென்று கேட்கும். உருண்டை முனை அதையெல்லாம் மழுக்கிவிடும். கேட்டால் தெரியும்.

கம்பிக்காரி

அதை மறுக்கவே இல்லை. உருண்டை முனை மழுக்குவது சில இடத்தில் வரம். ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில், மைக் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது கூர் முனையின் டிக்டிக் சத்தம் பாடகர் குரலுக்கு மேல் ஏறி நிற்கும். சாதா வடிவ பிக்கில் கூர் முனை ஒன்று, உருண்டைத் தோள் இரண்டு இருக்கிறது. திருப்பிப் பிடித்தால் வேறு பிக். காசு செலவே இல்லை.

செல்லுலாய்டு_பைத்தியம்

தலைப்பில் மெட்டீரியல் என்று பார்த்தேன், ஓடி வந்தேன்.

இன்றைக்கும் "சாதா பிக்" என்றால் கண்ணுக்கு வருகிற வடிவம் ஃபெண்டர் விற்கும் 351. அது ஃபெண்டரின் கண்டுபிடிப்பு இல்லை. 1922-இல் நியூயார்க்கில் லூயிஜி டான்ட்ரியா செல்லுலாய்டில் பிக் வெட்டத் தொடங்கினார். 351 என்ற எண்ணே அவர் கம்பெனியின் வடிவ எண். அதே வரிசையில் 346 பெரிய முக்கோணம், 358 சின்னத் துளி.

செல்லுலாய்டுக்கு முன்பு ஆசைப்பட்டது ஆமை ஓடு. அதைப் போலப் பழுப்பும் மஞ்சளும் கலந்த தோற்றம் வர வேண்டும் என்றுதான் செல்லுலாய்டில் அந்த வண்ணம் போட்டார்கள், இன்றுவரை அது தொடர்கிறது. செல்லுலாய்டில் ஒரு கதகதப்பு உண்டு. விரல் சூட்டில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். குறை என்றால் தேய்மானம். எளிதில் தீப்பிடிக்கும் பொருள் வேறு. மேசைப்பந்தாட்டப் பந்துகூட முன்பு இதில்தான் செய்தார்கள். மேடையில் சூடத் தட்டுக்குப் பக்கத்தில் பிக்கை வைத்துவிட்டுப் போகாதீர்கள், கோயில் கச்சேரிக்காரர்களுக்குச் சொல்கிறேன்.

டோர்டெக்ஸ் 1981-இல் டன்லப் கொண்டுவந்தது. உள்ளே டெல்ரின் என்ற பிளாஸ்டிக். மேற்பரப்பு வழவழப்பில்லாமல் மாவு பூசியது போல இருக்கும், அதனால் வியர்வையிலும் நிற்கும். வளைந்தால் சட்டென்று நிமிரும். ஞாயிறு_ரிதம் சொன்ன "கம்பியிலேயே தங்கிவிடுகிறது" என்ற குறை இதில் குறையும். நைலான் நன்றாக வளையும், சோம்பேறித்தனமாக நிமிரும். ஸ்ட்ரம்மிங்குக்கு அதுவே அழகு.

அல்டெக்ஸ் என்பது அல்டெம் என்ற பிளாஸ்டிக்குக்கு டன்லப் வைத்த பெயர். தேன் நிறம். விறைப்பு அதிகம், ஓசை பிரகாசம், தேயவே தேயாது என்று சொல்கிற அளவுக்கு உழைக்கும். அக்கூஸ்டிக்கில் சிலருக்கு அது அதிகப் பிரகாசம்.

இதற்கு மேல் போனால் ஒரு பிக் 35 டாலர், அதற்கு மேலும் விற்கிற அமெரிக்க புளூ சிப். புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) வாசிப்பவர்கள் அதன்மேல் சத்தியமே செய்வார்கள். நண்பர் வைத்திருந்ததை வாசித்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்கும்வரை அவர் என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

புதுக்கிட்டார்_24

உண்மையான ஆமை ஓட்டு பிக் எங்கே கிடைக்கும்? சத்தம் வேறு லெவல் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

கடலோரன்

கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது அழுங்காமையின் ஓடு. மன்னார் வளைகுடாவில் நம் மீனவர்கள் பார்க்கிற அதே ஆமை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருந்தாலே வழக்கு. வெளிநாட்டு வியாபாரமும் 1970-களிலேயே சர்வதேச ஒப்பந்தத்தில் தடையாகிவிட்டது. அந்த ஓடு கிடைக்காமல் போகும் என்பதால்தான் டோர்டெக்ஸே பிறந்தது. பெயரைப் பாருங்கள், டோர்டாய்ஸின் வால் தெரியும்.

புதுக்கிட்டார்_24

சட்ட விஷயம் தெரியாது அண்ணா, நன்றி. கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மட்டுநகர்_கிட்டார்

மட்டக்களப்பிலயிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் சத்தத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்கட வெக்கைக்கு முதல் பிரச்சினை வியர்வை. சர்ச் பெருநாளில் மூன்றாவது பாட்டுக்குள்ளேயே பிக் கையில் சுழலத் தொடங்கும். முனை எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து வாசிக்க வேண்டி வரும்.

நான் செய்கிறது: பிக்கின் இரண்டு பக்கமும் சின்னக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுவேன், மீன் செதிலைப் போலச் சொரசொரப்பு வரும்வரை. இல்லையென்றால் பேப்பர் பஞ்ச் மெஷினால் நடுவில் ஒரு ஓட்டை. விரலும் கட்டைவிரலும் அந்த ஓட்டைக்குள்ளால் தொட்டுக்கொள்ளும், பிக் அசையாது. மெல்லிய பிக்கில்தான் பஞ்ச் இறங்கும், 1 மி.மீ.க்கு மேல் மெஷின்தான் உடையும். ஓட்டை போட்டால் பிக் இன்னும் கொஞ்சம் வளையும் என்பதையும் கணக்கில் எடுங்கோ.

தகடு

ஓட்டையை அகலப் பக்கத்துக்கு நெருக்கமாகப் போடுங்கள், வளைவு அவ்வளவாக மாறாது. முனைக்குக் கிட்டப் போனால் சில வாரத்தில் அங்கேயே விரிசல் விடும்.

கோவை_பாஸ்

பாஸ்காரர்களை யாரும் கூப்பிடவில்லை, நானே வந்துவிட்டேன். பாஸில் பிக் வைத்து வாசித்தால் "உனக்கு விரல் இல்லையா" என்று கேட்கும் கூட்டம் இன்னும் இருக்கிறது. பால் மெக்கார்ட்னி பீட்டில்ஸ் காலத்திலேயே பிக் வைத்து வாசித்தவர், அவரிடம் போய்க் கேட்கட்டும். நான் வைத்திருப்பது 1.14 ஊதா டோர்டெக்ஸ், பெரிய முக்கோணம். மூன்று முனையும் ஒன்றுதான். ஒன்று தேய்ந்தால் திருப்பிக்கொள்ளலாம், அந்த வகையில் ஒன்றின் விலையில் மூன்று.

செல்லுலாய்டு_பைத்தியம்

தேய்ந்ததைத் தூக்கிப்போடவும் வேண்டாம். பழைய பிக்கின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கும். கம்பிக்காரி சொன்ன கோணத்தைக் கம்பியே வரைந்து வைத்திருக்கிறது. இடதுகைக்காரர் பிக்கில் அது எதிர்ப்பக்கம் இருக்கும், ஆகவே கடன் வாங்காதீர்கள்.

600 நம்பர் உப்புத்தாளை மேசையில் தட்டையாக வைத்து, முனையை லேசான வட்டமாகத் தேயுங்கள். வடிவம் வந்ததும் 1000-இல் ஓரத்தை உருட்டுங்கள். கடைசியில் ஜீன்ஸ் துணியில், சூடு தெரிகிற வரைக்கும் வேகமாக உரசுங்கள். விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் கம்பியில் கீச்சென்று கேட்கும். நகத்தில் ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாதது தெரியும். டோர்டெக்ஸ் தேய்க்கும்போது மாவு மாதிரி தூள் கொட்டும், சாப்பாட்டு மேசையில் செய்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

ராகம்_கிட்டார்

கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்க முயல்கிறவன். எனக்கு இந்த இழையில் பேசப்படாத ஒரு சிக்கல். ஒரு தட்டுக்கு ஒரு நோட்டு என்பது மேற்கத்திய லீட் வாசிப்பின் கணக்கு. நமக்கு ஒரு தட்டில் கமகம் (சுரத்தை அசைத்து வளைப்பது) முழுவதும் இடது கையில் ஓட வேண்டும். பிக்கின் குத்து பெரிதாகக் கேட்டால், கமகம் தொடங்கும் முன்பே காது அந்தக் குத்தைப் பிடித்துக்கொள்கிறது. உருண்டைத் தோளால், பிரிட்ஜிலிருந்து தள்ளி, ஃபிரெட்போர்டுக்குப் பக்கமாக மீட்டினால் குத்து அடங்கி நாதம் நீள்கிறது. பிக் வைத்தால் கர்நாடக இசை வராது என்று சொல்பவர்களுக்கு மாண்டலின் ஸ்ரீனிவாஸின் பெயரைச் சொன்னாலே போதும்.

சரோடு என்ற இந்துஸ்தானி வாத்தியக்காரர்கள் வைத்திருக்கும் ஜவா என்ற பிக் தேங்காய்ச் சிரட்டையில் செய்தது. அதைப் பார்த்து நானும் ஒரு சிரட்டைத் துண்டைத் தேய்த்துக் கிட்டார் பிக் ஆக்கினேன். ஓசை அருமை, அடக்கமான நாதம். ஆனால் சுற்றுக் கம்பி ரம்பம் மாதிரி அதைத் தின்கிறது.

மெல்லிசை_மூத்தவர்

சிரட்டையா! குவீன் குழுவின் பிரையன் மே பிரிட்டிஷ் ஆறு பென்ஸ் நாணயத்தில் வாசிக்கிறார். ஓரத்தில் பல்பல்லாக வெட்டு இருக்குமே, அது கம்பியில் உரசுவதுதான் அவர் டோனில் கேட்கும் அந்தச் சொரசொரப்பு. அந்த நாணயம் 1980-இல் செல்லாமலே போய்விட்டது. நம் பழைய நாலணாவில் வாசித்துப் பார்த்தேன். கம்பி சீக்கிரம் அறுந்தது, அவ்வளவுதான் பலன்.

ஞாயிறு_ரிதம்

எவ்வளவு விஷயம்! நேற்று ஜாஸ் த்ரீ ஐந்து, டோர்டெக்ஸ் 0.73, 0.88 இரண்டிரண்டு வாங்கினேன். முதலில் பழைய 0.46-ஐயே கம்பிக்காரி அக்கா சொன்ன கோணத்தில் பிடித்துப் பார்த்தேன். மாட்டுவது பாதி குறைந்தது, வளைவது குறையவில்லை. 0.88 எலெக்ட்ரிக்கில் கைக்கு உட்கார்ந்துவிட்டது. அக்கூஸ்டிக்குக்கு 0.73, மூத்தவர் சொன்ன தளர்ந்த பிடியில். ஆக, ஒரே பிக் இல்லை, இரண்டு. ஜாஸ் த்ரீ இன்னும் நழுவிக்கொண்டே இருக்கிறது, விடவில்லை.

ஒரு உதவி. அந்தத் தளர்ந்த பிடியில் 0.73 கையிலிருந்து தப்பி அக்கூஸ்டிக்கின் ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. கவிழ்த்துக் குலுக்கினால் உள்ளே சுற்றுகிறதே தவிர வரவில்லை.

ஜாஸ்மூணு

அதற்குத்தான் ஐந்தாக வாங்குவது. 😄

கம்பிக்காரி

குலுக்காதீர்கள். முதலில் கிட்டாரை நிமிர்த்தி, ஓட்டை மேலே பார்க்கிற மாதிரி மடியில் படுக்க வைத்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்து பிக்கை ஓட்டைக்கு நேர் கீழே, பின்பலகையில் கொண்டுவாருங்கள். கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு தயங்காமல் ஒரே வீச்சில் தலைகீழாகக் கவிழுங்கள். மெதுவாகக் கவிழ்த்தால் பக்கவாட்டுக்கு ஓடிவிடும். கம்பிகளுக்கு நடுவே மாட்டினால் விரலால் இழுத்துக்கொள்ளலாம். பிக்அப் வைத்த கிட்டாராக இருந்தால் உள்ளே வயர் இருக்கும், அதில் சிக்கியிருக்கிறதா என்று முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஞாயிறு_ரிதம்

வந்துவிட்டது அக்கா. கூடவே எப்போதோ காணாமல் போன ஒரு 0.46-உம் வந்தது.